பிணையும் பரீட்சையும்

பங்குப் பகுப்பாய்வாளர் ஒருவர் தம் நண்பரொருவருடன் மதிய உணவருந்துகின்றார். நண்பர் கடமையாற்றும் கம்பனி இன்னொரு கம்பனியை வாங்கவிருக்கும் செய்தி, பகிரங்கப்படுத்தப்படாத நிலையில், பேச்சுவாக்கில் அந்நண்பரின் வாயினின்றும் நழுவிவிடுகின்றது. பகுப்பாய்வாளர் இனிச் செய்யத்தக்கது யாது? கீழே மூன்று விடைகள் தரப்பட்டிருக்கும். ஒன்றைத் தெரிதல் வேண்டும். சி.எப்.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் பட்டய நிதிப் பகுப்பாய்வாளர் பரீட்சையின் முதல் நிலையில் இத்தகைய வினாக்கள் வழக்கமானவை. அந்நிலையில் நான்கரை மணி நேரத்தில் 180 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். ஆகவே வினாவொன்றுக்கு 90 விநாடிகள். செய்தி பகிரங்கமாகும்வரை அதனைக்கொண்டு தானும் வியாபாரஞ் செய்தலாகாது, பிறரைச் செய்வித்தலுமாகாது என்னும் விடையை அடையாளமிடுவதற்கு அந்த 90 விநாடிகளுங்கூடத் தேவைப்படா. வட்டிவீதம் உயருமிடத்து முறியொன்றின் விலை எவ்வளவு தாழும் என்னும் வினாவிற்குச் சரியாக விடையெழுதியவர் அதனைக் கணிக்கத் தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஒழுக்க வினாவிற்குச் சரியாக விடையெழுதியவர் எதனைத் தெரிந்தவர்?

இவ்வினா வகுப்பறைத் தருக்கத்துக்கு மட்டும் உரியதெனத் தோன்றலாம். பரீட்சை எழுதுபவர் எங்கேயிருந்து எழுதுகின்றார் என்பதைச் சற்று நோக்கினால் அதன் கனம் புலப்படும்.

கொழும்பின் வடபால், களனி கங்கைக்கு அணித்தாய்க் கிடப்பது கிராண்ட்பாஸ். ஆற்றைக் கடக்கும் பெருவழி எனப் பொருள்படும் போர்த்துக்கீசச் சொற்றொடரிலிருந்து வந்த பெயர் அது. ஆற்றங்கரையை அடுத்த பகுதி சிங்களத்தில் தொட்டலங்க, அதாவது துறையருகு, என்றே வழங்குகின்றது. 1822இல் அமைக்கப்பட்ட படகுப் பாலமும், அதன் இடத்தை 1895இல் பெற்ற விக்டோரியாப் பாலமும் இத்துறையின் பழைய வரலாறு. வீரகேசரிப் பத்திரிகையின் பணிமனை அமைந்த வீதி என்ற அளவில் ஈழத்துத் தமிழ் வாசகர் இப்பெயரை நன்கறிவர். துறைமுகத்திலிருந்து வரும் பாரவூர்திகள் ஓயாது செல்லும் இவ்வீதியின் பின்புறத்தே, 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்பு வரிசைகளிலே, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சுவரின் இருபுறமும் வாழ்கின்றனர். செடியொன்று ஊன்றவும் இடமில்லாத இவ்வரிசைகளுக்குத் தோட்டம் என்னும் பெயர் எவ்வாறு நிலைத்தது என்பது வேறு கதை.

அத்தகைய இரண்டறை வீடொன்றில், 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில், இப்பரீட்சைக்குப் படிக்கும் இளம்பெண் ஒருத்தியை மனத்திற் கொள்ளலாம். அவள் கற்பனை, அவளைப் போன்றோர் கற்பனையல்லர். தாய் தேயிலைக் களஞ்சியமொன்றிற் பொதியிடும் வேலை செய்பவள். மகள் பகலிற் கோட்டையிலுள்ள அலுவலகமொன்றிற் கணக்குப் பதிவாளர். ஒவ்வொரு நிலைக்கும் ஏறத்தாழ 300 மணி நேரம் படிக்க வேண்டுமெனப் பரீட்சையை நடாத்தும் நிறுவனமே கூறுகின்றது, நிலைகள் மூன்று. இந்த 900 மணி நேரத்தையும் அவள் இரவிலிருந்தே எடுத்தாக வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. பரீட்சைக் கட்டணமோ டொலரிற் செலுத்தப்படுவது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. கட்டணத்திற் குறைந்த தொகைக்காகத் தாயின் காப்பு ஈடு வைக்கப்பட்டது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு ஏப்ரல் 12ஆந் திகதி அறிவித்தபோது, அவள் புத்தகத்திற் படித்துக்கொண்டிருந்த அதிகாரம் நாடுகளின் கடன் முறிகளைப் பற்றியதாக இருந்திருக்கவுங்கூடும்.

இத்துணைப் பாட்டுக்கும் ஈற்றிற் கிடைப்பது பெயருக்குப் பின்னாற் போடத்தக்க மூன்று எழுத்துக்கள். பரீட்சையில் மூன்று நிலைகளையும் கடந்ததுடன், 4,000 மணி நேர வேலை அனுபவமும் காட்டினாற்றான் அவையும் உரியவாகும். அவ்வெழுத்துக்கள் என்ன செய்கின்றன? அவளை ஒருபோதுங் கண்டிராத ஒருவர், இலண்டனிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, தம் பணத்தை அவள் பொறுப்பில் விட ஒருப்படுகின்றார். அவளுக்காக யாரோ ஒருவர் பிணை நிற்கின்றார் என்பதே அவ்வெழுத்துக்களின் பொருள். ஆகவே பரீட்சையைப் பற்றிய வினா அடிப்படையிற் பிணையைப் பற்றிய வினாவாகும்.

பிறர் பொருளைக் கையாளும் ஒருவரை எங்ஙனம் நம்புவது என்னும் பிரச்சினை புதியதன்று. முதலாம் பராந்தக சோழனின் 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளக்குவன என்ற வகையிற் புகழ்பெற்றவை. அவற்றைத் தேர்தல் முறைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். தகுதி பற்றிய பகுதியை ஊன்றி வாசிப்போர் சிலரே. நிலவுடைமை, வயது, வேதக் கல்வி என்பவற்றோடு, பொருளீட்டலிலே தூய்மையும் அங்குக் கேட்கப்படுகின்றது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் பெயர் எழுதப்படும் தகுதியை இழக்கின்றார். அவர் மட்டுமன்று, அவருடைய தந்தைவழி, தாய்வழி உறவினரும் அத்தகுதியை இழக்கின்றனர். ஒருவனின் குற்றத்துக்கு அவனுடைய சிற்றன்னையின் மகன் என்ன செய்வான் என்று இக்காலத்தார் கேட்பது நியாயமே. ஆயினும் அவ்விதியின் உட்கிடை தெளிவானது: உறவு முழுவதும் ஒருவனுக்குப் பிணை.

அருத்தசாத்திரம் வேறொரு வழியைக் கூறுகின்றது. அமைச்சராக வரவிருப்போரை அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நான்கினாலும் மறைவாகச் சோதித்தல் வேண்டும். பொருளாசை காட்டிச் சோதித்தபோது வழுவாதவரையே இறைவரிக்கும் பண்டாரத்துக்கும் பொறுப்பாக நியமித்தல் வேண்டும். திருக்குறளிலே தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரம் இந்நான்கையும் சுட்டியே தொடங்குகின்றது. பரிமேலழகர் இவற்றை உபதை என்னும் வடமொழிப் பெயரால் விளக்குவர். பொருளைக் கையாள்வோருக்குரிய ஒழுக்கப் பரீட்சை ஒன்று இரண்டாயிரம் ஆண்டளவில் எண்ணிப் பார்க்கப்பட்டிருந்தது என்பது இதனாற் பெறப்படும். ஆனால் அப்பரீட்சையில் வினாத்தாள் இல்லை. தான் சோதிக்கப்படுவதைப் பரீட்சார்த்தி அறியான். அவன் என்ன சொல்வான் என்பதன்று, என்ன செய்வான் என்பதே அங்குப் பார்க்கப்பட்டது. இம்முறையின் ஆபத்தையும் அந்நூலாசிரியர் அறிந்திருந்தார்: கெடாதவனையும் சோதனை கெடுத்துவிடலாம், நன்னீரில் நஞ்சு கலப்பது போல. நெறியற்ற வேந்தன் கையில் இது ஒற்றாடலாகவே முடியும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது வழி கிராண்ட்பாஸிலிருந்து நடந்து செல்லத்தக்க தூரத்திலேயே உண்டு. செட்டியார் தெருவில் இன்று நகைக்கடைகள் நிறைந்துள்ளன. கதிரேசன் கோயில்களும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இத்தெரு நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கொடுக்கல்வாங்கலுக்கு இலங்கையில் நிலைக்களனாக இருந்தது. அக்கடைகளில் ஒருவன் தொழில் கற்ற முறை யாது? திண்ணைப் பள்ளியிற் கீழ்வாயிலக்கம் மனனஞ் செய்த சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான், பின்னர் அடுத்தாள், ஆண்டுகள் பல சென்றபின்னரே மேலாள். மேலாளாகியவன் ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்குக் கடையைப் பொறுப்பேற்று, தவணை முடிவிற் பேரேட்டை முதலாளியிடம் ஒப்புவித்து ஊர் திரும்புவான். அவனுக்கு எவரும் வினாத்தாள் கொடுத்ததில்லை. பதினைந்து ஆண்டுகள் அவன் பணப்பெட்டியருகே இருந்ததை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவே பரீட்சை.

கொழும்பிலிருந்த ஆங்கில வங்கிகள் உள்ளூர்க் கடனாளரை நேரே அறியா. ஆகவே அவை சிராப்பு என வழங்கிய இடையாளரை வைத்துக்கொண்டன. அப்பதவி பெரும்பாலும் செட்டிமாரிடமே இருந்தது. இன்னாருக்குக் கடன் கொடுக்கலாம் எனச் சிராப்பு சொன்னால் வங்கி கொடுக்கும். கடனாளர் தவறினால் அவ்விழப்பைச் சிராப்பு தம் கைப்பொருளிலிருந்து ஈடுசெய்தல் வேண்டும். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது இதுவே: மதிப்பீடு செய்பவருக்கும் இழப்பை ஏற்பவருக்கும் இடையில் இடைவெளியே இல்லை. 1925இற் பெரிய செட்டி நிறுவனமொன்று முறிந்தபோது ஆங்கில வங்கிகள் ஏனைய செட்டிமாருக்குங் கடன் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. உத்தரமேரூர் விதியிற் கண்டது போன்றே ஒருவரின் தவறு சமூகம் முழுவதன்மேலும் விழுந்தது. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு அரச ஆதரவுடைய வங்கியொன்று வேண்டுமெனப் பரிந்துரைத்தமையும், 1939இல் இலங்கை வங்கி தோன்றியமையும் இதன் பின்விளைவான வரலாறு.

இப்பழைய ஒழுங்கைப் புகழ்ந்துரைப்பது எளிது. புகழுமுன் ஒன்றைக் கேட்டல் வேண்டும்: கிராண்ட்பாஸ்ப் பெண்ணுக்கு அதில் இடம் எங்கே? பெட்டியடியில் அமர அவள் அச்சாதியிற் பிறந்திருத்தல் வேண்டும். பிறந்திருப்பினும் ஆணாயிருத்தல் வேண்டும். உத்தரமேரூரில் அவள் பெயரை ஓலையில் எழுதியிரார். அருத்தசாத்திரத்தின் பண்டாரத்திலும் அவ்வாறே. பழைய பிணைகள் யாவும் முன்னரே உள்ளே இருந்தவருக்கு மட்டும் உரிய பிணைகள். வெளியே நின்றவர் எத்துணை நேர்மையராயினும் அதனைக் காட்டுதற்கு அவருக்கு ஒரு வாயிலும் திறக்கப்படவில்லை.

பரீட்சை இவ்வாயிலைத் திறந்தது. 1940களில் நியூயோர்க்கிற் பெஞ்சமின் கிரஹாம் பகுப்பாய்வாளருக்கு ஒரு தொழிற்றகுதி வேண்டுமென வாதிட்டார். அவ்வாதத்தின் வழியே 1963இல் முதற் பரீட்சை நடந்தபோது தோற்றியோர் 284 பேர். விடைத்தாளில் இருப்பது சுட்டெண் மாத்திரமே. அச்சுட்டெண்ணுக்குப் பின்னால் இருப்பவர் எவ்வூர், எக்குலம், ஆணா, பெண்ணா என்பது திருத்துவோருக்குத் தெரியாது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தபோது, வாயில் அடைபட்ட தமிழ் இளைஞர் பலர் இலண்டன் நிறுவனங்களின் கணக்கியற் பரீட்சைகளை நாடியமைக்குக் காரணம் இதுவே. மொழிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப அப்பரீட்சைகள் புள்ளியை மாற்றவில்லை. இந்நியாயம் சிறியதன்று. அது முழுமையானதுமன்று: பரீட்சை சாதி கேளாது, ஆயின் டொலர் கேட்கும், தாய்மொழி எதுவெனக் கேளாது, ஆயின் ஆங்கிலத்திலேயே கேட்கும். தமிழிற் படித்து வந்தவள், பிறர் பொருளைப் பிறர்க்கென்றே காத்தல் என்னும் கருத்துக்கு அந்நூல்கள் வழங்கும் இலத்தீன் வழிச் சொல்லை மனனஞ் செய்கின்றாள். கோயிற் பொருளைக் காப்பவரைத் தன் ஊரார் தருமகர்த்தா என்கின்றனர் என்பதும், அறம் என்பது அச்சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது என்பதும் அவளுக்கு நினைவில் வருவதில்லை.

திறந்த வாயிலுக்கு ஈடாக ஒன்று இழக்கப்பட்டது. சிராப்பின் கைப்பொருள் பிணையாக நின்றது. சான்றிதழில் நிற்பது நிறுவனத்தின் பெயர். சான்றிதழ் பெற்றவர் தவறினால் அவ்வெழுத்துக்களைப் பறிக்க நிறுவனத்துக்கு அதிகாரமுண்டு. பணத்தை இழந்தவருக்கு அதனாற் பணம் திரும்பி வராது. பங்கு, முறி முதலியவற்றுக்கு இலங்கைச் சட்டத் தமிழ் வழங்கும் பெயர் பிணையங்கள் என்பது. பிணையங்களை ஆராய்பவர் தாம் ஒன்றுக்கும் பிணையாகாத நிலைமை சொல்லளவிலேனும் விநோதமானது.

இவ்விடைவெளியை நிரப்புதற்காகவே ஒழுக்கப் பாடம் வைக்கப்பட்டுள்ளது. மூன்று நிலைகளிலும் அதிலிருந்து வினா வரும். சித்தியடைதலுக்கும் தவறுதலுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டில் நிற்போரை, அவர்கள் ஒழுக்கப் பகுதியிற் பெற்ற புள்ளியே ஒருபுறந் தள்ளலாம். நோக்கம் நல்லது. அது கைகூடுமா என்பதே கேள்வி.

தீயதைத் தீயதென உண்மையில் அறிந்தவன் அதனைச் செய்யான் என்றார் சோக்கிரதர். அவர் கூற்று மெய்யாயின் பிரச்சினை எளிதிற் தீரும்: விதிகளை நன்கு கற்பித்து, கற்றதைப் பரீட்சித்தால் போதும். அரிஸ்டோட்டில் இதனை அப்படியே ஏற்கவில்லை. மதுவருந்தியவன் தத்துவஞானியின் செய்யுளைப் பிழையின்றி ஒப்புவிக்கலாம். புதிதாகக் கற்பவனும் சொற்களைச் சரியாகக் கோவைப்படுத்தலாம். இருவரும் அறிந்தவராகார், அறிவு அவருள் ஊறி அவராகவே ஆதல் வேண்டும், அதற்குக் காலம் வேண்டும் என்பது அவர் கருத்து. பல்தேர்வு வினாவிற்கு விடையளிப்பவர் எந்நிலையிலுள்ளார் என்பதை வினாத்தாள் காட்டாது. போதையில் ஒப்புவிப்பவனுக்கும் தெளிவில் மொழிபவனுக்கும் ஒரே புள்ளிதான்.

2022 ஜூன் மாதம் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்று பகரும். எர்ன்ஸ்ட் அன்ட் யங் என்னும் பெருங் கணக்காய்வு நிறுவனத்துக்கு அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு பத்துக் கோடி டொலர் தண்டம் விதித்தது. காரணம் யாதெனில், அந்நிறுவனத்தின் கணக்காய்வாளர் பலர் கணக்காளர் உரிமத்துக்கு வேண்டிய பரீட்சையில் விடைகளைத் தமக்குள் பரிமாறி எழுதியமை. அப்பரீட்சை ஒழுக்கப் பரீட்சை. ஒழுக்கப் பரீட்சையிற் களவாக விடையெழுதுவோரைக் கண்டு நகைக்கத் தோன்றும். நகைத்து முடித்தபின் எண்ணிப் பார்த்தால், அவர்களுக்குத் தெரியாதிருந்தது எதுவுமில்லை என்பது விளங்கும். பரீட்சையில் விடையைப் பிறரிடம் வாங்கலாமா என்று வினாவொன்று வந்திருப்பின் அவர்கள் யாவரும் ஆகாது என்றே அடையாளமிட்டிருப்பர். வேலைப்பளு மிகுதி, பரீட்சை ஒரு சடங்கு, எல்லாருஞ் செய்கின்றனர். தீமையென்று பெயரிட்டு எவரும் அதனைச் செய்யவில்லை.

இதிலிருந்து பெறப்படுவது, ஒழுக்கத்தைப் பரீட்சித்தல் வீண் என்பதன்று. பரீட்சிக்கப்படும் இடம் வினாத்தாளன்று என்பதே பெறப்படுகின்றது. கிராண்ட்பாஸ் வீட்டிற்கு மீண்டும் வரலாம். இரவு பதினொரு மணி. அவள் மாதிரி வினாத்தாளொன்றைச் செய்துகொண்டிருக்கின்றாள். விடைகள் அதே புத்தகத்தின் ஈற்றிலே உள்ளன. எவரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் குற்றமென எவருஞ் சொல்லார். அறியாத வினாவுக்கு அறியேன் என்று பிழையை ஏற்றுக்கொள்வதும், கடைப்பக்கத்தைப் புரட்டி 'இது எனக்குத் தெரிந்ததுதான்' என்று தனக்குத்தானே சொல்லிச் சரியெனக் குறித்துக்கொள்வதும் அவள் கையிலுள்ளன. இரண்டாவதைச் செய்பவள் ஏமாற்றுவது தன்னையே. பிற்காலத்தில் முதலீடொன்றின் நட்டத்தை அறிக்கையில் எழுதவேண்டி வரும்போது, அது உண்மையில் நட்டமன்று, தற்காலிகத் தாழ்வே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் மனம் இவ்விரவுகளிலேயே பழக்கப்படுகின்றது. 900 மணி நேரம் என்பது ஒரு பழக்கம் ஊறுதற்குப் போதிய காலம். அரிஸ்டோட்டில் கேட்ட காலத்தில் ஒரு பகுதியைப் பரீட்சை அறியாமலே அளித்துவிடுகின்றது. பயனை அளக்க மட்டும் அதற்கு இயலாது.

அதே ஆயத்தத்தில் எதிர்மாறான பழக்கமும் ஊறும் என்பதை மறைத்தலாகாது. ஒழுக்க வினாக்கள் சொல்நுணுக்கம் மிகுந்தவை. ஈற்றயல் இரண்டு விடைகளும் சரிபோலத் தோன்றும். ஆகவே, 'உனக்குச் சரியெனப் படுவதை எழுதாதே, பரீட்சகர் எதனைச் சரியென்பார் என்று எண்ணி எழுது' என்னும் உபதேசம் பரீட்சார்த்திகளிடையே இயல்பாகவே பிறக்கின்றது. சித்தியடைதற்கு அது நல்ல உபதேசம். மேலிருப்பவர் விரும்பும் விடையை முன்னுணர்ந்து வழங்கும் இத்திறனே, மேலிருப்பவர் நேர்மையற்றவராயின் ஒருவரை அவருக்குத் துணையாக்குவதும். நேர்மையைக் கற்பிக்கும் பாடம் இணங்கிப்போதலைப் பயிற்றும் பாடமாகத் திரிவதற்கு ஒரு பருவ ஆயத்தம் போதும்.

இவற்றிலும் ஆழமானது வேறொன்றுண்டு. பரீட்சார்த்தி தனியள் என்று பரீட்சை கொள்கின்றது. பழைய உறவுப் பிணையை அது ஒழித்துவிட்டதென்றும் எண்ணப்படுகின்றது. ஒழிக்கவில்லை, கண்ணுக்கு மறைத்தது. ஈட்டிலிருக்கும் காப்பு தாயினுடையது. மகள் படிப்பதற்காக வானொலியை அணைத்துவிட்டு இருளில் அமர்ந்திருந்த மாலைகள் தம்பியினுடையவை. சித்தியடையாவிடில் இழப்பு அவர்களையுஞ் சாரும். 2021 ஜூலையில் முதல் நிலையிற் தேறியோர் நூற்றுக்கு 22 பேரே என்பதை அவர்கள் அறியார். குடும்பமே அவளுக்குச் சிராப்பு. எந்தச் சான்றிதழிலும் அவர்கள் கையொப்பம் இல்லை.

இக்கடப்பாடு அழகியது, ஆபத்தானதும் அதுவே. அருத்தசாத்திரமும் திருக்குறளும் சுட்டும் நான்கு சோதனைகளிலே நல்லோரை மிகுதியும் வழுவச் செய்யும் ஒன்று தனியே பெயர்பெறவில்லை. பொருளாசைக்கு இடங்கொடாத பலர், தம்மை வளர்த்தவர்க்குச் செய்ய வேண்டிய கடமை என்னும் பெயரில் அதே பொருள் வரும்போது இடங்கொடுக்கின்றனர். அதனை அவர்கள் ஆசையென உணர்வதில்லை. நன்றி என்றே உணர்கின்றனர். தொடக்கத்திற் கண்ட வினாவை இப்போது திருப்பி எழுதலாம். நண்பரின் வாயினின்றும் செய்தி நழுவிவிட்டது. கேட்டவளின் தாயினது காப்பு ஈட்டிலிருக்கின்றது. மீட்கும் தவணை அடுத்த மாதம். தம்பியின் பாடசாலைக் கட்டணம் நிலுவையில் உள்ளது. ஒரேயொரு தடவை, சிறுதொகை, அவள் பெயரிலுமன்று. எவருக்கும் தீங்கு நேர்வதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வடிவில் வரும் வினா 90 விநாடிகளில் முடிவதன்று. விடை மாறவில்லை, விடையளித்தலின் விலை மாறிவிட்டது. விலையைக் குறிப்பிடாது விடையை மட்டுங் கேட்பதே வினாத்தாளின் இயல்பான குறைபாடு.

தீங்கு எவருக்கு என்னும் கேள்விக்கு அண்மைக்கால இலங்கை வரலாறு விடை வைத்திருக்கின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்கின்றன. அதனை முதலீடு செய்வது மத்திய வங்கி. 2015 பெப்ரவரியில் நிகழ்ந்த முறி ஏலத்தையும் அதன் பின்விளைவுகளையும் விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, இந்நிதிக்கும் நட்டம் நேர்ந்ததென அறிக்கையிட்டது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, இந்நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் புதிய, நெடுந்தவணை முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் வைத்திருந்த முறிகள் மாற்றத்துக்கு உட்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் 14ஆந் திகதி, பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் பொது நம்பிக்கையை மீறினர் என உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அவர்களுள் நாட்டை ஆண்டோரும், மத்திய வங்கிக்கும் திறைசேரிக்கும் தலைமை தாங்கியோரும் இருந்தனர். கற்றறிந்தோருக்கு அவர்களிடையே குறைவில்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவு வழங்கப்பட்டது. மக்களுக்கு இழப்பீடு எதுவும் கட்டளையிடப்படவில்லை.

சிராப்பின் காலத்தில் மதிப்பிட்டவரே இழந்தார். இங்கு மதிப்பிட்டவர் ஒருவர், முடிவெடுத்தவர் இன்னொருவர், இழந்தவர் தேயிலைப் பொதிகளுக்கிடையே நின்றவர். இவ்விடைவெளியைச் சட்டம் ஓரளவுக்குச் சுருக்கலாம். முதலீடு செய்வோரின் ஊதியத்தில் ஒரு பங்கை அந்நிதியின் பயனோடு பிணைக்கலாம். கணக்கைக் காலந்தாழ்த்தாது பகிரங்கப்படுத்தலாம். உத்தரமேரூர் மகாசபை கேட்டதும் கணக்கையே. சட்டம் எட்டாத மிச்சம் ஒன்று எப்போதும் இருக்கும். அதனை ஏற்பவர், முகமறியாத ஒருவரின் இழப்பைத் தம் இழப்பாக உணரவல்ல ஒருவராகவே இருத்தல் வேண்டும்.

வினாத்தாளிலே அம்முகமறியாதவருக்கு ஒரே பெயர்தான்: வாடிக்கையாளர். அவருக்கு வயதில்லை, ஊரில்லை. கிராண்ட்பாஸ்ப் பெண்ணுக்கு, பல பரீட்சார்த்திகளுக்கு இல்லாத வாய்ப்பொன்று இதில் உண்டு. அவள் அமர்ந்திருக்கும் மேசையிலிருந்து மூன்றடி தூரத்தில், நாளை காலைக் களஞ்சிய வேலைக்கு எழும்ப வேண்டிய ஒருத்தி பாயிற் படுத்திருக்கின்றாள். இருபது ஆண்டுகளாக அவளுடைய சம்பளத்திலிருந்து நூற்றுக்கு எட்டு வீதம் யாரோ ஒருவரின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது.